ஐயத்துக்கு ஓர் இடம்: அறிவியல் உரைகளின் வடிவமும் பொறுப்பும்

1. கேள்வி

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் புறப்பட்ட ஏறத்தாழ 82ஆவது நொடியில், வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த காப்பு நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. ஓடம் சுற்றுப்பாதையில் இருந்த நாட்களில், அந்த மோதல் என்ன சேதம் விளைவித்திருக்கும் என்று ஒரு பொறியாளர் குழு கணக்கிட்டது. ஜனவரி 24 அன்று அக்குழு தன் முடிவுகளை நாசாவினர் முன் ஸ்லைடுகளாக வைத்தது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் கொலம்பியா சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட அதிலிருந்த ஏழு பேரும் இறந்தனர். விசாரணை வாரியம் அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை நுரைத் துண்டின் இயற்பியலையும் நிறுவனத்தின் பழக்கங்களையும் ஆராய்ந்தது. அவற்றோடு ஒரே ஒரு ஸ்லைடையும் தனியே எடுத்துவைத்து ஆராய்ந்தது.

ஒரு பேரழிவின் விசாரணையில் ஸ்லைடுக்கு இடம் கிடைத்தது ஏன் என்ற கேள்வி, அறிவியல் உரை குறித்த நம் பொதுவான எண்ணங்களை மறுபரிசீலனை செய்ய வைக்கிறது. நல்ல உரை என்றால் தடையற்ற பேச்சு, கண்ணுக்கு இதமான ஸ்லைடுகள், அவையோரைக் கட்டிப்போடும் நடை என்றே பெரும்பாலும் கருதுகிறோம். கல்லூரிக் கருத்தரங்குகளில் மதிப்பெண் வழங்குவதும் பெரும்பாலும் இவற்றுக்குத்தான். இவை அனைத்தும் இருந்தும் ஓர் அறிவியல் உரை தோற்கலாம். இவற்றில் பல இல்லாமலும் அது வெல்லலாம்.

அறிவியல் உரையின் தரத்தை எதைக்கொண்டு அளப்பது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. பேசுபவரின் முடிவு என்ன, அதற்குச் சான்று என்ன, அந்தச் சான்று எவ்வளவு தூரம் தாங்கும் ஆகிய மூன்றையும் கேட்பவர் அங்கேயே எடைபோட முடிகிறதா என்பதே அந்த அளவுகோல் என்று இங்கே வாதிடுகிறேன். ஸ்லைடின் வடிவமைப்பு, பேசும் முறை, கேள்வி நேரம் ஆகிய எல்லாவற்றின் நெறிகளும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

2. புழக்கத்தில் உள்ள அறிவுரைகள்

அறிவியல் உரை குறித்த பயிற்சி வகுப்புகளில் இரண்டு எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, ஒரு செய்தியின் தாக்கத்தில் சொற்களுக்கு 7 சதவீதமும் குரலுக்கு 38 சதவீதமும் முகபாவத்துக்கு 55 சதவீதமும் பங்குண்டு என்பது. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து இது பெறப்பட்டது. அந்த ஆய்வுகள் விருப்பு வெறுப்பு போன்ற உணர்வுகளைப் பற்றியவை. சொல்லும் குரலும் முகமும் ஒன்றோடொன்று முரண்படும்போது மனிதர்கள் எதை நம்புகிறார்கள் என்பதே அவற்றின் கேள்வி. ஒரு வேதிவினையின் வேகத்தை விளக்கும் உரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எல்லாவகைப் பேச்சுக்கும் இதை விரித்துக்கொள்ளக் கூடாது என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார்.

இரண்டாவது எண் ஏழு. ஒரு ஸ்லைடில் ஏழு வரி, வரிக்கு ஏழு சொல் என்ற விதிக்கு ஆதாரமாக ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைச் சுட்டுவார்கள். மனிதர்கள் உடனடி நினைவில் எத்தனை அலகுகளை வைத்திருக்க முடியும், எத்தனை அளவுகளைப் பிரித்தறிய முடியும் என்பதே மில்லரின் பொருள். கண்ணெதிரே திரையில் இருக்கும் வரிகளை யாரும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. எனவே அந்த எண்ணுக்கும் ஸ்லைடின் வரிக்கணக்குக்கும் நேரடித் தொடர்பில்லை. நெல்சன் கோவன் 2001இல் செய்த மீளாய்வு, உடனடி நினைவின் கொள்ளளவை ஏறத்தாழ நான்கு அலகுகளாகவே மதிப்பிட்டது. எண்ணைக் குறைத்தாலும் விதியின் அடிப்படை வலுப்படாது. ஏழு வரி விதியைச் சிறிதும் பிசகாமல் பின்பற்றிய ஸ்லைடும் கேட்பவரைக் குழப்பக்கூடும்.

இவற்றைவிட உறுதியான அடித்தளம் கொண்டவை கற்றல் குறித்த ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள். ஜான் ஸ்வெல்லர் 1988இல் முன்வைத்த அறிதிறன் சுமைக் கோட்பாட்டோடு உறவுடைய இவை, பல பத்தாண்டுகளாகச் சோதனைகள் வழியே சில நெறிகளை நிறுவியுள்ளன. படமும் அதற்குரிய சொல்லும் அருகருகே இருக்க வேண்டும். பொருளோடு தொடர்பற்ற அலங்காரம் கற்றலைக் குறைக்கும். பேசும் வாக்கியங்களையே திரையிலும் எழுதிக் காட்டினால், கண் எழுத்தில் சிக்கிக்கொண்டு படத்தைத் தவறவிடும்.

இந்த நெறிகளை அறிவியல் உரைக்குக் கொண்டுவரும்போது கவனம் தேவை. மேயரின் சோதனைகளில் பல, மின்னல் உருவாவது, வாகனத்தின் பிரேக் இயங்குவது போன்றவற்றை விளக்கும் சிறு பாடங்களைக் கொண்டவை. பங்கேற்றவர்கள் அப்பொருளில் முன்னறிவு குறைந்த கல்லூரி மாணவர்கள். துறை வல்லுநர்கள் கூடும் அரங்கம் வேறு மாதிரியானது. புதியவருக்கு உதவும் விளக்கம் வல்லுநருக்குத் தடையாகலாம் என்பதையும் ஸ்வெல்லர் வழிவந்த ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றும் உண்டு. பாடத்தின் உண்மை ஏற்கெனவே நிறுவப்பட்டது. கேட்பவர் அதைப் புரிந்துகொண்டால் போதும். ஆய்வுரையின் முடிவு இன்னும் சோதனையில் இருப்பது. கேட்பவர் புரிந்துகொள்வதோடு அதை ஏற்பதா மறுப்பதா என்றும் தீர்மானிக்க வேண்டும். கற்றல் ஆய்வுகள் முதற்பாதிக்கு வழிகாட்டுகின்றன. இரண்டாம் பாதிக்கு உண்மையான நிகழ்வுகளைத்தான் பார்க்க வேண்டும்.

3. கொலம்பியாவின் ஸ்லைடு

காட்சித் தரவு ஆய்வாளர் எட்வர்ட் டஃப்டி பகுத்தாய்ந்து, விசாரணை வாரியமும் தன் அறிக்கையில் சேர்த்துக்கொண்ட அந்த ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளை மீளாய்ந்ததில் வெப்பக் காப்பு ஓடுகள் துளைபடுவது குறித்த கணிப்பு பாதுகாப்பின் பக்கம் சாய்ந்தே இருக்கிறது என்ற பொருள் தருவது. மேலாளர் ஒருவர் இத்தலைப்பைப் படித்ததும் நிம்மதி அடைவார். தலைப்பின் கீழே பல படிகளாக உள்ளே தள்ளித் தள்ளி அமைந்த சிறு வரிகள். கடைசி வரிகளில்தான் ஸ்லைடின் மிக முக்கியமான செய்தி இருந்தது: சோதனைகளில் பயன்பட்ட துண்டின் கன அளவு 3 கன அங்குலம், ஓடத்தைத் தாக்கியதாகக் கருதப்பட்ட துண்டின் அளவோ 1920 கன அங்குலம். உண்மை நிகழ்வு சோதனைகளைப்போல் 640 மடங்கு.

இந்த ஓர் எண் தலைப்பின் அடித்தளத்தையே அசைக்கிறது. சேதத்தைக் கணிக்கப் பயன்பட்ட 'கிரேட்டர்' என்ற கணினிக் கருவி சிறு துண்டுகளைக் கொண்டு அளவுதிருத்தம் செய்யப்பட்டது. இந்த மோதலுக்கு அக்கருவி, ஓட்டின் தடிமனையும் தாண்டும் துளையைக் காட்டியது. சிறு துண்டுச் சோதனைகளில் அக்கருவி சேதத்தை மிகைப்படுத்தியது என்பதால், இங்கும் மிகைப்படுத்தியிருக்கும் என்று பொறியாளர்கள் கருதினர். 640 மடங்கு பெரிய துண்டுக்கு அந்த அனுபவம் பொருந்துமா என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதற்கான எண் ஸ்லைடிலேயே இருந்தும், தலைப்பு எதிர்த்திசையில் இழுத்தது.

மற்ற குறைகளும் இதனோடு சேர்ந்தன. 'குறிப்பிடத்தக்க' என்ற பொருள்படும் சொல் அந்த ஒரு ஸ்லைடில் ஐந்து முறை வருகிறது. ஓரிடத்தில் அது கருவியின் மிகைக் கணிப்பைச் சொல்கிறது. இன்னோரிடத்தில் ஓட்டின் சேதத்தை. வேறோரிடத்தில் சோதனை எல்லையைத் தாண்டிய நிலையை. எங்கும் அது எவ்வளவு என்ற அளவு இல்லை. ஒரே அலகு ஒரே பக்கத்தில் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருந்தது. உள்தள்ளிய வரிகளின் வரிசை, எது காரணம், எது விளைவு, எது விதிவிலக்கு என்பதைச் சொல்லவில்லை. புள்ளிப்பட்டியலின் இயல்பான குறை இது. வாக்கியத்தில் 'ஆகையால்', 'ஆனால்', 'எனினும்' என்ற இணைப்புகளைத் தவிர்க்க முடியாது. பட்டியலில் அவற்றை எழுதாமலே விட்டுவிடலாம். இணைப்பு மறையும்போது வாதமும் மறைகிறது.

அன்று அந்த அறை பொறியாளர்களால் நிரம்பி வழிந்தது. ஆனால் முடிவெடுக்கும் மேலாண்மைக் குழுவுக்கு அதே நாளில் சென்றது வாய்மொழிச் சுருக்கம் மட்டுமே. அதில் ஓடத்தின் பாதுகாப்புக்கு ஆபத்தில்லை என்ற முடிவு இருந்தது. அதைச் சூழ்ந்திருந்த ஐயங்கள் பெரும்பாலும் உதிர்ந்திருந்தன. ஒரு கை மாறும்போது சொற்கள் சுருங்குவது இயல்பு. சுருங்கும்போது எது மிஞ்ச வேண்டும் என்பதை உரையைத் தயாரிப்பவர் முன்கூட்டியே தீர்மானிக்காவிட்டால், தலைப்பு மட்டும் மிஞ்சும். கொலம்பியாவில் நடந்தது அதுதான். பின்னர் தெரிந்தபடி, விபத்துக்குக் காரணமான சேதம் அந்த ஸ்லைடு பேசிய ஓடுகளில் ஏற்படவில்லை. இறக்கையின் முன்விளிம்பில் இருந்த வலுவூட்டிய கார்பன் பலகத்தில் ஏற்பட்டது. 2003 ஜூலையில் சான் அந்தோனியோவில் நடந்த சோதனையில், நுரைத் துண்டு அத்தகைய பலகத்தில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகலத் துளையை உண்டாக்கியது.

தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாக ஸ்லைடுகளையே பயன்படுத்தும் வழக்கம் நாசாவில் வேரூன்றிவிட்டதை, தகவல் பரிமாற்றக் கோளாறின் அடையாளமாகவே வாரியம் பதிவுசெய்தது.

4. கருவியா, காதா?

கொலம்பியாவை முன்வைத்துப் பவர்பாயிண்ட் என்ற மென்பொருளையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவர் டஃப்டி. 2003இல் அவர் வெளியிட்ட நூலின் வாதப்படி, அந்த மென்பொருளின் வார்ப்புகளே சிந்தனையைத் துண்டாடுகின்றன. 1987இல் ஃபோர்தாட் என்ற நிறுவனம் மேக்கின்டோஷுக்காக வெளியிட்டு, அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கிய இந்த மென்பொருள் பின்னர் உலகெங்கும் அறிவியல் அரங்குகளின் பொது வடிவமாயிற்று. எனவே டஃப்டியின் குற்றச்சாட்டு எளிதில் ஒதுக்கக்கூடியதன்று.

ஜான்-லூக் டூமோன் 2005இல் எழுதிய மறுப்பும் அதே அளவு கவனத்துக்குரியது. கொலம்பியா ஸ்லைடுகள் ஆவணமாகவும் திரைக்காட்சியாகவும் ஒரே நேரத்தில் இருக்க முயன்றன. படிப்பதற்கான ஆவணமும் பேச்சோடு சேர்த்துப் பார்ப்பதற்கான ஸ்லைடும் வெவ்வேறு வேலைகள். இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டும் கெடும். குறை மென்பொருளில் இல்லை; பயன்படுத்துபவர் எது எதற்கு என்று பிரிக்காததில் இருக்கிறது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

இந்த விவாதத்தில், சாலஞ்சர் விண்வெளி ஓடம் ஏவப்பட்ட சிறிது நேரத்தில் சிதறி அதிலிருந்த ஏழு பேரும் இறந்த 1986ஆம் ஆண்டு விபத்து ஒரு முக்கியமான எதிர்ச்சான்று. ஏவுதலுக்கு முந்தைய ஜனவரி 27 இரவு, பூஸ்டர் ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தையகால் நிறுவனப் பொறியாளர்கள் 13 தாள்களைத் தொலைநகலில் அனுப்பி, குளிரில் ஓடத்தை ஏவ வேண்டாம் என்று வாதிட்டார்கள். அப்போது பவர்பாயிண்ட் பிறக்கவேயில்லை. பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் மீள்தன்மை இழக்கும் என்பது அவர்களின் அச்சம். ஆனால் வெப்பநிலையையும் சேதத்தையும் ஒரே வரைபடத்தில் பொருத்திக் காட்டும் தாள் எதுவும் அந்தப் பதின்மூன்றில் இல்லை. விபத்தை விசாரிக்க அமெரிக்க ஜனாதிபதி நியமித்த ராஜர்ஸ் ஆணையம் பின்னர் இதைச் சுட்டியது. சேதமடைந்த பயணங்களை மட்டும் வரைந்தால் போக்கு தெரிவதில்லை. சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்தால்தான் தெரிகிறது: வளையங்களின் வெப்பநிலை 66 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்த 20 பயணங்களில் 3இல் மட்டுமே சேதம், 63 டிகிரி அல்லது அதற்குக் கீழ் இருந்த 4 பயணங்கள் அனைத்திலும் சேதம்.

டஃப்டி 1997இல் எழுதிய நூலில், சரியான ஒரு வரைபடம் ஏழு உயிர்களைக் காப்பாற்றியிருக்கும் என்ற தொனியில் வாதிட்டார். அன்றிரவு வாதிட்ட பொறியாளர்களில் ஒருவரான ராஜர் பாய்ஜாலியும் பிறரும் 2002இல் இதை மறுத்தார்கள். டஃப்டியின் வரைபடம் வளையத்தின் வெப்பநிலையையும் காற்றின் வெப்பநிலையையும் கலந்துவிட்டது. அவர் கேட்கும் தரவுகள் முழுவதும் அன்றிரவு பொறியாளர்களின் கையில் இல்லை. அவர்களின் வாதம் புரியாமல் போகவில்லை, புரிந்தும் மீறப்பட்டது என்பவை அவர்களின் மறுப்புகள். அன்றிரவு நடந்ததும் இதற்கு ஆதரவாகவே நிற்கிறது. ஏவ வேண்டாம் என்ற பரிந்துரை முதலில் தெளிவாகவே சொல்லப்பட்டது. நாசா தரப்பு அதை எதிர்த்துக் கேள்வி எழுப்பியது. நிறுவன மேலாளர்கள் தனியே கூடிப் பேசி, தங்கள் பொறியாளர்களின் முடிவை மாற்றினார்கள். சமூகவியலாளர் டயான் வாகன் 1996இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பின்னோக்கிப் போகிறது. விலகல்கள் ஒவ்வொன்றாக ஏற்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் வழக்கமாகிவிட்ட ஒரு பண்பாட்டை அவர் காட்டுகிறார்.

இந்தச் சான்றுகளிலிருந்து நான் எட்டும் முடிவு இது. வடிவம் மட்டும் யாரையும் காப்பாற்றாது. கேட்க மறுக்கும் காதுக்கு எந்த வரைபடமும் போதாது. ஆனால் மோசமான வடிவம், கேட்க மறுப்பவருக்கு ஒரு வசதியைத் தருகிறது. சான்று சிதறிக் கிடந்தால் அதை ஒதுக்குவது எளிது. முடிவும் சான்றும் எல்லையும் ஒரே பார்வையில் நின்றால், ஒதுக்குபவர் தான் எதை ஒதுக்குகிறார் என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நல்ல வடிவம் பொறுப்பை மறைய விடுவதில்லை.

ராஜர்ஸ் ஆணையத்தின் உறுப்பினரான ரிச்சர்ட் ஃபைன்மன் 1986 பிப்ரவரி 11 அன்று செய்துகாட்டியது இதற்கு நேர்ச்சான்று. வளையத்தின் ரப்பர்த் துண்டைக் கவ்வியில் அழுத்தி, பனிக்கட்டி நீரில் வைத்து எடுத்து, கவ்வியைத் தளர்த்தினார். உறைநிலையில் அந்த ரப்பர் சில நொடிகளேனும் பழைய வடிவுக்குத் திரும்பவில்லை. அவர் விபத்தின் முழுக் காரணத்தையும் நிறுவியதாகச் சொல்லவில்லை. குளிர்ந்த ரப்பருக்கு மீள்தன்மை இல்லை என்ற ஒரே கூற்று, அதற்குரிய ஒரே சான்று. இரண்டும் எல்லோர் கண்ணெதிரிலும் சேர்ந்தே இருந்தன.

5. தலைப்பை வாக்கியமாக்குதல்

ஃபைன்மன் கைகளால் செய்ததை ஸ்லைடில் செய்வதற்கான முறை ஒன்றை மைக்கேல் ஆலி நீண்ட காலமாக வலியுறுத்தி வருகிறார். கேத்ரின் நீலியுடன் சேர்ந்து அவர் 2005இல் எழுதிய கட்டுரை இதை முறையாக முன்வைத்தது. ஸ்லைடின் தலைப்பு ஒரு சொல்லாகவோ சொற்றொடராகவோ இல்லாமல், முழு வாக்கியமாக இருக்க வேண்டும். அந்த வாக்கியம் அந்த ஸ்லைடின் கூற்று. கீழே புள்ளிப்பட்டியலுக்குப் பதிலாக அக்கூற்றை நிறுவும் படம், வரைபடம் அல்லது சமன்பாடு. விளக்கம் பேசுபவரின் வாயில்.

'முடிவுகள்' என்று தலைப்பிட்ட ஸ்லைடு எதையும் சொல்லவில்லை. எனவே யாரும் அதை மறுக்கவும் முடியாது. 'உப்புச் செறிவு இரட்டிப்பானபோது முளைப்பு வீதம் பாதியாகக் குறைந்தது' என்று தலைப்பிட்டால், கேட்பவரின் கண் உடனே கீழேயுள்ள வரைபடத்துக்குப் போய் அது உண்மையா என்று பார்க்கும். எத்தனை விதைகள், எத்தனை முறை, பிழைக் கோடுகள் எவ்வளவு நீளம் என்ற கேள்விகள் தாமாகவே எழும். தயாரிப்பவருக்கும் இது கடுமையான தேர்வு. ஒரு ஸ்லைடுக்குத் தலைப்பு வாக்கியம் எழுத முடியவில்லை என்றால், அந்த ஸ்லைடில் சொல்வதற்கு ஒன்றுமில்லை, அல்லது ஒன்றுக்கு மேற்பட்டவை குழம்பிக் கிடக்கின்றன.

ஜோஆன்னா கார்னரும் ஆலியும் 2013இல் வெளியிட்ட சோதனையில், இந்த வடிவில் அமைந்த உரையைக் கேட்ட பொறியியல் மாணவர்கள், வழக்கமான பட்டியல் வடிவைக் கண்டவர்களைவிடப் பொருளை நன்கு புரிந்துகொண்டதும், தவறான புரிதல்கள் குறைந்ததும் தெரியவந்தது. இங்கும் எல்லையைச் சொல்ல வேண்டும்: இவை மாணவர்கள் கேட்ட விளக்க உரைகள். சர்ச்சைக்குரிய முடிவை வல்லுநர்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்பதை அச்சோதனை அளக்கவில்லை.

கொலம்பியா ஸ்லைடை வைத்துப் பார்த்தால் இந்த முறையின் இன்னொரு எல்லையும் தெரிகிறது. அந்த ஸ்லைடின் தலைப்பும் ஒரு கூற்றுதான். ஆறுதலளிக்கும் கூற்று, அதன் கீழேயிருந்த சான்றோடு பொருந்தாத கூற்று. எனவே வாக்கியத் தலைப்பு மட்டும் போதாது. சான்றின் எல்லையையும் அந்த வாக்கியமே சுமக்க வேண்டும். 'நமது சோதனைகள் 3 கன அங்குலத் துண்டுகளுக்கே பொருந்தும். தாக்கியது 640 மடங்கு பெரியது' என்று தலைப்பு இருந்திருந்தால், வாய்மொழிச் சுருக்கத்திலும் அந்த எண் பிழைத்திருக்க வாய்ப்புண்டு.

6. நிச்சயமின்மையின் அளவு

ஐயத்தை ஒப்புக்கொண்டால் உரை பலவீனமாகும் என்ற அச்சம் இளம் ஆய்வாளர்களிடம் பரவலாக இருக்கிறது. அதற்கு நேரெதிரான சான்று 2012 ஜூலை 4 அன்று ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் நடந்த உரைகள். ஹிக்ஸ் போசான் என்ற துகளைத் தேடிய இரண்டு பெரும் சோதனைகளின் சார்பில் ஜோ இன்காண்டெலாவும் ஃபாபியோலா ஜியானோட்டியும் பேசினார்கள். ஜியானோட்டியின் ஸ்லைடுகளில் காமிக் சான்ஸ் எழுத்துரு இருந்ததைப் பலர் கேலி செய்தார்கள். ஸ்லைடுகள் நெருக்கமாகவும் இருந்தன. அழகியல் அளவுகோலில் அவை உயர்ந்த மதிப்பெண் பெறமாட்டா.

ஆனாலும் அன்றைய உரைகள் அறிவியல் பேச்சின் சிறந்த எடுத்துக்காட்டுகளுள் வைக்கத்தக்கவை. துகள் இயற்பியலில் ஒரு கண்டுபிடிப்பை அறிவிக்க 5 சிக்மா என்ற வரம்பு முன்பே ஏற்கப்பட்டிருந்தது. புதிய துகள் எதுவுமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வலுவான அறிகுறி தற்செயலாகத் தோன்ற ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு என்பது அதன் பொருள். இன்காண்டெலாவின் குழு, அத்துகள் சிதையும் வழிகளில் மிகக் கூர்மையான இரண்டைச் சேர்த்தபோது 5.0 சிக்மா கிடைத்ததையும், எல்லா வழிகளையும் சேர்த்தபோது அது 4.9 ஆனதையும் அரங்கின் முன் வைத்தது. சாதகமான எண்ணோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கண்டது ஹிக்ஸ் போசான்தான் என்று அடித்துச் சொல்லாமல், அதனோடு ஒத்துப்போகும் புதிய துகள் என்று கூற்றின் எல்லையையும் வரைந்தார்கள். அரங்கில் இருந்த எந்த இயற்பியலாளரும் அந்த முடிவைத் தானே எடைபோட முடிந்தது. உரையின் வலிமை அங்கேதான் இருந்தது.

துகள் இயற்பியலின் வசதி எல்லாத் துறைகளுக்கும் வாய்ப்பதில்லை. நிகழ்தகவை அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாத இடத்திலும் வழி உண்டு. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவான ஐபிசிசி தன் அறிக்கைகளில் சொற்களுக்கு எண் வரம்பு கட்டியிருக்கிறது. 'நிகழக்கூடியது' என்ற அளவிலான சொல் 66 முதல் 100 சதவீத நிகழ்தகவையும், 'மிகவும் நிகழக்கூடியது' என்பது 90 முதல் 100 சதவீதத்தையும் குறிக்கும். சொல்லின் பொருள் கேட்பவரின் மனநிலைக்கேற்ப மாறாமல் காக்கும் ஏற்பாடு இது. அளவில்லாத அடைமொழியை ஸ்லைடிலிருந்து நீக்கி, அதன் இடத்தில் ஓர் எண்ணையும் அலகையும் வைப்பது எந்தத் துறையிலும் இயலும்.

வரைபடங்களிலும் இதே நெறி நிற்கிறது. பிழைக் கோடு எதைக் குறிக்கிறது, திட்ட விலக்கத்தையா நம்பிக்கை இடைவெளியையா என்பதை எழுதாவிட்டால் அது வெறும் அலங்காரம். வானவில் வண்ண அளவுகோல், தரவில் இல்லாத எல்லைகளைக் கண்ணுக்குக் காட்டுகிறது; சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அது எதையுமே காட்டாமலும் போகலாம். அச்சுகளின் எழுத்து கடைசி வரிசைக்குத் தெரியாவிட்டால், அந்த வரிசையில் இருப்பவர் சான்றைப் பார்க்காமல் பேச்சை மட்டும் நம்பும்படி ஆகிறது. வடிவமைப்பின் சிறு விஷயங்கள் என்று நாம் ஒதுக்குபவை, யார் எடைபோட முடியும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

7. பேச்சும் கேள்வியும்

பேசும் முறை பிறவிக் கொடை என்ற எண்ணத்துக்கு மைக்கேல் ஃபாரடேயின் வாழ்க்கை நல்ல மறுப்பு. புத்தகம் கட்டும் தொழில் பயின்ற அவர், 1812இல் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். 1813இல் தன் நண்பர் பெஞ்சமின் அபட்டுக்கு எழுதிய கடிதங்களில், உரை எப்படி அமைய வேண்டும் என்பதை மிக நுணுக்கமாக அலசினார்: அரங்கின் காற்றோட்டம், கருவிகளை வைக்கும் இடம், பேசுபவரின் நிலை, ஒரு மணி நேரத்தைத் தாண்டாமை. பேச்சுப் பயிற்சி தரும் ஆசிரியரிடம் முறையாகப் பாடம் கேட்டார். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1820களில் தொடங்கிய வெள்ளி மாலை உரைகளையும் கிறிஸ்துமஸ் உரைகளையும் அவர் பல பத்தாண்டுகளாக வளர்த்தார். மெழுகுவத்தியைப் பற்றி இளம் கேட்பவர்களுக்கு அவர் ஆற்றிய தொடர் உரைகள், எரிதல் பற்றிய ஒவ்வொரு கூற்றையும் ஒரு செய்முறையோடு பிணைத்தன. சிறுவர்களும் சிறுமிகளும் அவர் சொன்னதை அவர் பெயருக்காக ஏற்கத் தேவையில்லை. மேசையில் நடப்பதைப் பார்த்தே ஏற்கலாம்.

பயிற்சியின் பயனும் இதில்தான். ஒத்திகை பார்த்தவர் திரையைப் படிக்க வேண்டியதில்லை. கேட்பவர் முகத்தைப் பார்க்க முடியும். எங்கே புருவம் சுருங்குகிறது என்று கண்டு அங்கே நிற்க முடியும். நேரத்துக்குள் முடிப்பதும் வெறும் ஒழுங்கு சார்ந்ததன்று. பதினைந்து நிமிட உரையைப் பதினெட்டாக நீட்டுபவர் எடுத்துக்கொள்ளும் அந்த மூன்று நிமிடங்கள் கேள்விக்குரியவை. உரையின் இன்றியமையாத பகுதி கேள்வி நேரம்தான். அதுவரை சொல்லப்பட்டவை அனைத்தும் அங்கேதான் சோதனைக்கு வருகின்றன. கேள்வியை முழுவதும் கேட்டு, அரங்குக்குத் திரும்பச் சொல்லி, தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்லி, எந்தச் சோதனை செய்தால் மிச்சம் தெரியும் என்று காட்டுவது நல்ல பதில்.

தமிழ்நாட்டு வகுப்பறைகளுக்கும் கருத்தரங்குகளுக்கும் இங்கே ஒரு தனிச் செய்தி இருக்கிறது. பேச்சையே திரையில் எழுதக் கூடாது என்ற நெறிக்கு, இரண்டாம் மொழியில் கேட்பவர்களை மேயரே விதிவிலக்காகக் குறிப்பிடுகிறார். அவர்களுக்கு எழுத்து துணையாகலாம். நம் அரங்குகளில் பெரும்பாலோர் ஆங்கிலத்தை அப்படித்தான் கேட்கிறார்கள். எனவே சிறு, தெளிவான வாக்கியத் தலைப்பு இங்கே இரட்டைப் பயன் தரும்: கூற்றை நிறுத்துகிறது, காதில் தவறியதைக் கண்ணில் பிடித்துத் தருகிறது. ஆங்கில ஸ்லைடை வைத்துத் தமிழில் விளக்குவதும் தகுந்த முறையே. அதற்காக யாரும் கூச வேண்டியதில்லை. ஆனால் கேள்வி கேட்கும் மொழி தமிழாக இருக்க அவை அனுமதிக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டுமே கேட்கலாம் என்றால், பாதி அரங்கின் ஐயங்கள் வெளியே வராமலே போகும். பேராசிரியரின் முடிவை மாணவர் மறுத்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற பழக்கமும் அதே விளைவைத் தருகிறது. சாலஞ்சர் காட்டியபடி, படிநிலை பேசும் இடத்தில் சான்று பேசுவதில்லை.

8. முடிவுரை

புழக்கத்தில் உள்ள அறிவுரைகளில் சில, ஆதாரத்தைத் தாண்டி விரிக்கப்பட்டவை. கற்றல் ஆய்வுகள் உறுதியானவை. ஆனால் நிறுவப்பட்ட பாடத்துக்கே அவை முழுதும் பொருந்தும். கொலம்பியா, வடிவம் எப்படி ஐயத்தைப் புதைக்கிறது என்பதைக் காட்டுகிறது. சாலஞ்சர், கேட்கும் அமைப்பு பழுதானால் தெளிவான பரிந்துரையும் தோற்கும் என்பதைக் காட்டுகிறது. செர்ன், ஐயத்தை அளந்து வெளியே வைத்தால் முடிவு வலுப்பெறும் என்பதைக் காட்டுகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அறிவியல் உரை என்பது பேசுபவரும் கேட்பவரும் கூட்டாகப் பொறுப்பேற்கும் ஒரு சோதனை என்பது தெளிவாகிறது.

இதிலிருந்து கல்வி நிறுவனங்களுக்கு ஒரு பரிந்துரை பிறக்கிறது. மாணவரின் கருத்தரங்கு உரையை மதிப்பிடும்போது, சரளத்தையும் ஸ்லைடின் அழகையும் பேசுபவரிடம் தேடுவதற்கு முன், கேட்டவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். முக்கியக் கூற்று என்ன? அதற்குக் காட்டப்பட்ட சான்று எது? அந்தச் சான்று எங்கே பொருந்தாது? கேட்டவர்களில் பெரும்பாலோர் மூன்றுக்கும் விடை சொன்னால், தயங்கித் தயங்கிப் பேசிய மாணவருக்கும் முழு மதிப்பெண் உரியது. மூன்றாம் கேள்விக்கு யாராலும் விடை சொல்ல முடியாவிட்டால், எவ்வளவு கைதட்டல் பெற்றிருந்தாலும் அந்த உரையை மீண்டும் தயாரிக்கச் சொல்ல வேண்டும். எங்கே தவறலாம் என்று சொல்லித்தரும் உரைதான் கேட்பவரை அறிவியலுக்குள் அழைத்துவருகிறது. மற்றவை முடிவுகளை அறிவித்துவிட்டு அவரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.